மணலுக்கு அகலச் சக்கரம்

ஸ்கார்சைட், மோர்கம் விரிகுடா
3 மார்ச் 1974

ரோலண்ட்,

என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. கல்லறைத் தோட்டத்தில் உன்னிடம் சொன்ன எதையும் திரும்ப வாங்கிக்கொள்வதற்காக நான் எழுதவில்லை. எனக்கு ஒரு வேலை ஆக வேண்டும். அதைச் செய்யத் தெரிந்த ஆள், எனக்குத் தெரிந்து நீ ஒருவன்தான்.

உன் அண்ணன் ஆமோஸ் கட்டிய கார், கொட்டகையில் அப்படியே நிற்கிறது. பெட்டி பெட்டியாக வந்த பாகங்களைப் பழைய பீட்டில் காரின் அடிச்சட்டத்தில் பூட்டி, ஒரு குளிர்காலம் முழுக்கச் சமையலறையெல்லாம் போல்ட்டும் பிசின் நாற்றமுமாக ஆக்கி அவர் செய்த கார். கதவு கிடையாது, கூரை கிடையாது. குளியல் தொட்டிக்கு விளக்கு மாட்டினதுபோல இருக்கும். பின்சக்கரம் தவிர எல்லாம் முடிந்துவிட்டது. "பின்னாடி அகலமா ரெண்டு சக்கரம் போட்டுட்டா போதும்டி, மணல் மேல மெதக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். போடுவதற்குள் அந்த அக்டோபர் வந்துவிட்டது. கடல் வற்றிய மணலில் இறால் வலை இழுக்க டிராக்டரில் போனார். டிராக்டரும் வரவில்லை, அவரும் வரவில்லை. உனக்குத் தெரியாததா?

போன வாரம் பீட்டிலின் ஒல்லிச் சக்கரங்களோடேயே காரை மணலில் இறக்கிப் பார்த்தேன். உப்புப் புல்வெளியைத் தாண்டியதுமே பின்பக்கம் ஆக்சில் வரை உட்கார்ந்துவிட்டது. இஞ்சின் பின்னால் இருக்கிற வண்டி, பாரமெல்லாம் அங்கேதானே. இறால்காரன் வால்ட் ஷார்ப் தன் டிராக்டரைக் கொண்டுவந்து கட்டி இழுத்தான்.

"கேக்கு வெட்டுற மாதிரி மணலை வெட்டி வச்சிருக்க. எங்க போகலாம்னு கெளம்பின?" என்றான்.

"காத்து வாங்க."

"காத்து உன் வாசல்லயே ஆளைத் தள்ளுதே, அது பத்தலையா?"

உங்கள் பட்டறையில் ரிம்மை வெட்டி அகலப்படுத்தித் தருவீர்கள் என்று ஆமோஸ் சொல்லியிருக்கிறார். எனக்குப் பின்சக்கரம் இரண்டும் வேண்டும், அதற்குத் தகுந்த டயரும் வேண்டும். ஏன் என்று மட்டும் கேட்காதே.

ஹில்டா


கவன்ட்ரி
10 மார்ச் 1974

அன்புள்ள அண்ணி,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை.

வாரத்துக்கு மூன்று நாள் மின்சாரம் என்றிருந்தது முடிந்து, பட்டறை இப்போதுதான் முழு மூச்சில் ஓடுகிறது. நீங்கள் கேட்பது எனக்குக் கஷ்டமான வேலை இல்லை. ரிம்மை லேத்தில் பிடித்து இரண்டாக வெட்டி, நடுவே ஒரு இரும்புப் பட்டையை வைத்துச் சுற்றிலும் வெல்டிங் செய்ய வேண்டும். கூடுகிற அகலத்தை எந்தப் பக்கம் வைப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. உள்பக்கம் அதிகம் வைத்தால் டயர் ஷாக் அப்சார்பரில் உரசும். வெளிப்பக்கம் அதிகம் வைத்தால் மட்கார்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், பேரிங்கையும் நெம்பித் தின்றுவிடும்.

அதனால் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அது உட்கார்கிற முகத்தின் மேல் நேரான மரச்சட்டம் ஒன்றை வைத்து, அங்கிருந்து உள்ளே முதலில் தட்டுப்படுகிற பொருள் வரைக்கும் அளந்து அனுப்புங்கள். இரண்டு பக்கமும் அளக்க வேண்டும். வீட்டில் கட்டின வண்டி இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்காது.

ஏன் என்று கேட்காதே என்கிறீர்கள். கேட்காமல் எப்படி இருப்பேன்? அந்த வண்டி காகிதம் மாதிரி லேசு. அதற்கு அகல டயர் போட்டால் ஈரத் தார்ச்சாலையில் தண்ணீர் மேலேயே சறுக்கிக்கொண்டு போகும். ஆக, சாலைக்காக நீங்கள் கேட்கவில்லை. மணலில் உங்களுக்கு என்ன வேலை, அண்ணி?

அண்ணனின் கல்லறைக் கல்லைப் பற்றி ஒன்றும் எழுதப் போவதில்லை. மேலே கோடு போட்டு அடித்திருப்பது அதைப் பற்றி எழுதினதுதான். நன்றாக அடித்திருக்கிறேன், படிக்க முடியாது.

ரோலண்ட்


ஸ்கார்சைட்
17 மார்ச் 1974

ரோலண்ட்,

வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். "பெயர் இல்லாமல்" என்ற இரண்டு சொல் தெரிகிறது. மீதி தெரியவில்லை.

என் பங்குக்கு நான் அடிக்காமலே எழுதுகிறேன். உன் அப்பா, அம்மா பெயருக்குக் கீழே அவர் பெயரைச் செதுக்கினாய். சரி, தம்பியின் ஆசை என்று விட்டிருப்பேன். கூடவே ஒரு தேதியையும் செதுக்கினாய். எனக்கே தெரியாத தேதி உனக்கு எப்படித் தெரிந்தது? அவர் உள்ளே இல்லாத மண்ணுக்கு முன்னால் ஊரே பார்க்க என்னைப் பூவோடு நிற்கச் சொன்னாய். நான் பூவைப் போட்டுவிட்டு நடந்தேன். இன்னொரு தடவை நிற்கச் சொன்னாலும் நடப்பேன்.

மணலில் எனக்கு என்ன வேலை என்று கேட்டிருக்கிறாய். சொல்கிறேன். சிரிப்பு வந்தால் என் முன்னால் சிரிக்காமல் அங்கேயே சிரித்து முடித்துக்கொள்.

ஜனவரியில் ஒரு மத்தியானம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கடல்பக்கமிருந்து மூடுபனி ஏறி வந்தது. துணிக்கொடியின் மறுமுனை மறைந்தது, பிறகு என் கையே மங்கியது. அப்போது யாரோ கூப்பிட்டார்கள். முதலில் நீளமாக ஒரு ஒலி, முடிவில் மேலே தூக்கி இழுக்கிற ஒரு ஒலி. சற்று நேரம் விட்டு மறுபடியும் அதே மாதிரி. என்ன சொல் என்று பிடிபடவில்லை. யார் குரல் என்று பிடிபட்டது. அந்தக் குரலோடு ஒரே வீட்டில் இருந்தவள் நான். ஈரத் துணியைக் கையில் பிடித்தபடி, பனி விலகும் வரை நின்றேன்.

அதற்குப் பிறகு பனி இறங்குகிற ஒவ்வொரு நாளும் கேட்கிறது. எல்லாம் பகலில்தான். வால்ட்டும் கேட்டான். அவன் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். அவன் கை நின்றுவிட்டது.

"கடல்நாய்," என்றான், நான் ஒன்றும் கேட்காமலே.

"கடல்நாய்க்கு ஆமோஸ் தொண்டை எங்கேருந்து வந்துச்சு வால்ட்?"

தொப்பியைக் கழற்றினான், மறுபடி மாட்டினான். "அந்தப் பக்கம் போகாத ஹில்டா. இந்தக் குளிர்காலத்துல ஆத்தோட தடம் மாறிக் கெடக்கு. போன வருஷம் தண்ணி ஓடுன எடமெல்லாம் இப்போ கூழு. நடந்தா முழங்கால் வரைக்கும் எறங்கும், டிராக்டர்னா மொத்தமும்."

அங்கேயிருந்துதான் குரல் வருகிறது. காலும் போகாது, டிராக்டரும் போகாது. அகலக் கால் வைத்த லேசான வண்டி ஒன்று மட்டும் நிற்காமல் ஓடினால் போகும். அது என் கொட்டகையில் இருக்கிறது.

அளவு தனித்தாளில் இருக்கிறது. இடதும் வலதும் இம்மி பிசகாமல் ஒன்று. வீட்டில் கட்டின வண்டி என்று நீ எழுதியதை அவர் படித்திருந்தால் உன் காதைத் திருகியிருப்பார்.

ஹில்டா


கவன்ட்ரி
24 மார்ச் 1974

அன்புள்ள அண்ணி,

சிரிப்பு வரவில்லை.

நான் சக்கரம் செய்து தர மாட்டேன். அண்ணனை அந்த மணல் எடுத்துக்கொண்டது. உங்களை அதன் வாயில் கொண்டுபோய் விடுவதற்கு என் கையாலேயே வண்டிக் கால் செய்து கொடுக்கச் சொல்கிறீர்கள். முடியாது.

பனியில் எல்லாக் குரலும் தெரிந்த குரலாகத்தான் கேட்கும். நான் அங்கே பிறந்து வளர்ந்தவன். ஏன் அங்கேயிருந்து ரயிலேறி வந்து, கடல் கண்ணில் படாத ஊராகப் பார்த்து உட்கார்ந்தேன் என்று அண்ணனுக்குத் தெரியும்.

என்னோடு வந்து கொஞ்ச நாள் இருங்கள். மாடியில் ஒரு அறை காலியாக இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் செங்கல் சுவர்தான். ஆனால் காய்ந்த சுவர்.

ரோலண்ட்


ஸ்கார்சைட்
31 மார்ச் 1974

ரோலண்ட்,

செங்கல் சுவருக்கு நன்றி.

பழைய இரும்புக் கடையில் தடித்த ஸ்பேசர் தட்டு இரண்டு கிடைத்தது. அதைச் சக்கரத்துக்கும் பிரேக் டிரம்முக்கும் நடுவில் கொடுத்து, ஒரு பழைய வேனின் அகல ரிம்மைப் போட்டு முடுக்கிவிட்டேன். போல்ட் கொஞ்சம் நீளம் பற்றவில்லை. நட் இரண்டு சுற்று பிடிக்கிறது, மூன்றாவது சுற்றுக்கு இடமில்லை. நின்றவரைக்கும் நிற்கும்.

உனக்கு எழுதுவது இதோடு சரி.

ஹில்டா


கவன்ட்ரி
2 ஏப்ரல் 1974

அண்ணி,

இதைப் படித்து முடிக்கும் முன்னால் கொட்டகைக்குப் போய் அந்தச் சக்கரங்களைக் கழற்றுங்கள். இரண்டு சுற்று பிடித்த நட் முதல் திருப்பத்திலேயே விட்டுவிடும். சக்கரம் ஒரு பக்கம் போகும், நீங்கள் ஒரு பக்கம் போவீர்கள்.

செய்கிறேன். நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். இன்று காலையே ரிம்மை வெட்டிவிட்டேன். உங்கள் அளவுப்படி உள்பக்கம் கொஞ்சம், வெளிப்பக்கம் மீதி. போல்ட்டும் நீளமானதாகவே சேர்த்து அனுப்புகிறேன். ஸ்பேசர் வேண்டாம், அதைக் கடலில் எறியுங்கள். மட்கார்டின் விளிம்பை வெட்டி, புதிதாக அகலமாக ஒரு உதடு ஃபைபரில் கட்ட வேண்டியிருக்கும். வெட்டும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். அந்தத் தூள் நெஞ்சுக்குள் போனால் வெளியே வராது.

மணலில் இறங்கும்போது பாதிக் காற்றை எடுத்துவிடுங்கள், டயர் வயிறு தள்ளி நிற்கும். அப்போதுதான் பாரம் பரவும். இரண்டாவது கியரிலேயே போக வேண்டும். கூழில் நிற்கக் கூடாது. சக்கரம் வெறுமனே சுற்ற ஆரம்பித்தால் மிதியை விட்டுவிடுங்கள், மிதித்தால் அது தோண்டும். வால்ட் கயிறோடு கெட்டி மணலில் நிற்க வேண்டும். ஓதம் வற்றி, கடல் பின்வாங்குகிற நேரம் மட்டும்தான் போகலாம். இதெல்லாம் முடியாதென்றால் சொல்லுங்கள், சக்கரத்தை மறுபடி இரண்டாக வெட்டிவிடுகிறேன்.

ரோலண்ட்


ஸ்கார்சைட்
5 மே 1974

ரோலி,

சக்கரங்கள் லாரியில் வந்து இறங்கின. வாசலில் உருட்டிவிட்டபோது தெருவே வேடிக்கை பார்த்தது. "ஹில்டா, ஏரோப்ளேன் வாங்கிட்டியா?" என்று வால்ட் கத்தினான். பற்றவைத்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தேன். எங்கே ஒட்டினாய் என்றே தெரியவில்லை. நன்றி. இதை நான் சொல்லாமல் விட்டுவிடுவேன் என்று நீ நினைத்திருப்பாய்.

மட்கார்டை வெட்டுவதற்குத்தான் மனசு வரவில்லை. அவர் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய விளிம்பு. வால்ட் ரம்பத்தை வாங்கிக்கொள்ளப் பார்த்தான். நானே வெட்டினேன். புது உதடு கட்டி, காய்ந்து, தேய்த்து முடிக்க ஈஸ்டர் தாண்டிவிட்டது. வண்டியைப் பின்னாலிருந்து பார்த்தால் இப்போது இடுப்பில் கை வைத்து நிற்கிற பொம்பளை மாதிரி இருக்கிறது.

ஊருக்கு முன்னாலிருக்கிற கெட்டி மணலில் ஓட்டினேன். மிதக்கிறது, ரோலி! அவர் சொன்ன அதே சொல். வாய்விட்டுச் சிரித்தேன். என் சிரிப்பைக் கேட்டு எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

ஒரு விஷயம். இடதுபக்கப் பின்டயர் மட்கார்டின் உதட்டில் உரசுகிறது. வலது உரசவில்லை. நான் வலப்பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறேன், இடதுபக்க இருக்கை காலி. பாரம் என் பக்கம்தானே இருக்க வேண்டும்? கொட்டகையில் வெறும் வண்டியை அளந்தால் இரண்டு பக்கமும் ஒன்றுதான். ஓட்டிக்கொண்டு மணலில் இறங்கினால் இடதுபக்கம் தாழ்கிறது. வால்ட்டை எட்ட நின்று பார்க்கச் சொன்னேன். பார்த்துவிட்டு, "டீ போடலாமா?" என்றான்.

ஹில்டா


கவன்ட்ரி
11 மே 1974

அன்புள்ள அண்ணி,

"ரோலி" என்று எழுதியிருந்தீர்கள். அண்ணனைத் தவிர யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. பரவாயில்லை, எழுதுங்கள்.

உரசலுக்குக் காரணம் இருக்கிறது. பீட்டிலில் பின்பக்கத்துக்குச் சுருள்வில் கிடையாது. முறுக்குத் தண்டுதான். இடதுபக்கத் தண்டு களைத்துப் போயிருக்கும். நிற்கும்போது சரியாக இருந்து, ஓடும்போது அதிகமாக இறங்கும். அந்தப் பக்கம் பழைய வண்டியில் நிறைய ஆள் உட்கார்ந்திருக்கலாம். அவ்வளவுதான், வேறொன்றுமில்லை.

உதட்டை இன்னும் ஒரு விரல் வெளியே தள்ளிக் கட்டுங்கள். அதற்குப் பிறகும் உரசினால்

உரசினால் எழுதுங்கள்.

ரோலண்ட்


ஸ்கார்சைட்
2 ஜூன் 1974

ரோலி,

போய்விட்டு வந்துவிட்டேன். உயிரோடுதான் எழுதுகிறேன், அதனால் பொறுமையாகப் படி.

வெள்ளிக்கிழமை காலை ஓதம் நன்றாக வற்றிப் போயிருந்தது. வெயில்கூட இருந்தது. வால்ட் டிராக்டரோடு கெட்டி மணலின் ஓரம் வரைக்கும் வந்தான். நீ சொன்னபடி காற்றை இறக்கிக்கொண்டிருந்தபோதே கடல்பக்கம் வெள்ளையாக எழும்பியது.

"பனி வருது. இன்னிக்கு வேணாம்," என்றான்.

"பனி வந்தாத்தானே கூப்பிடுவாரு."

"ஹில்டா, நான் சொல்றதக் கேளு. அங்க இருக்கிறது எதுவா இருந்தாலும் அது உனக்குச் சோறு போடப்போறதில்ல."

"நீ விசில் ஊதிக்கிட்டே இரு. நான் அதைப் பிடிச்சித் திரும்பி வர்றேன்."

ஆற்றின் பழைய தடத்துக்குள் இறங்கினேன். மணல் கறுத்து மின்னியது. வண்டி போகப் போகச் சுற்றிலும் தரை அலைபோல ஆடியது. கொதித்து ஆறின பாலின் ஆடை மேல் ஓட்டுவது மாதிரி இருந்தது. சக்கரங்கள் அதைக் கிழிக்கவில்லை. பின்னால் திரும்பிப் பார்த்தபோது இரண்டு அகலத் தடம் தெரிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் ஊறி அவற்றை அழித்தது. இடது டயர் உரசிக்கொண்டே வந்தது. உதட்டை நீ சொன்னபடி தள்ளிக் கட்டியிருந்தேன், அப்படியும் உரசியது. பக்கத்து இருக்கையை நான் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று இல்லை. பார்த்தால் காலியாக இருக்குமோ என்று பயம்.

பனி மூடிய பிறகு, மட்டிச் சிப்பி குவிந்து கெட்டியான ஒரு திட்டு சக்கரத்துக்கு அடியில் தட்டுப்பட்டது. அதில் ஏறி இஞ்சினை அணைத்தேன். வால்ட்டின் விசில் எங்கோ பின்னால் கேட்டது. பிறகு மறுபக்கத்திலிருந்து குரல் வந்தது. துணி காயப்போடும்போது கேட்ட தூரம் இல்லை, இந்தச் சமையலறையின் நீளம்தான் இருக்கும். கரகரப்பு, மூச்சு எடுக்கிற இடம், எல்லாம் அவர்தான். அவ்வளவு பக்கத்தில் கேட்டதால் சொல்லும் தெளிவாகத் தெரிந்தது.

"ரோ... லீ."

நான் கத்தினேன். "இங்க இருக்கேன், ஹில்டா வந்திருக்கேன், இங்க பாருங்க" என்று தொண்டை போகிறவரை கத்தினேன். அது என்னைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. கொஞ்சம் விட்டு மறுபடியும், "ரோ... லீ."

ஜனவரியிலிருந்து என்னைத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்காக மட்கார்டை வெட்டினேன், உன்னோடு சண்டை போட்டேன், அந்தக் கூழின் மேல் ஓட்டினேன். அவர் உன்னைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

எப்போது இஞ்சினைக் கிளப்பினேன், எப்படித் திரும்பினேன் என்று நினைவில்லை. விசிலைப் பிடித்துக்கொண்டு வந்தேன். ஒன்று மட்டும் நினைவிருக்கிறது. போகும்போது உரசிய டயர் திரும்பும்போது உரசவில்லை.

வா என்று சொல்ல எனக்கு மனசில்லை. வராதே என்று சொல்லவும் முடியவில்லை.

ஹில்டா


கவன்ட்ரி
5 ஜூன் 1974

அண்ணி,

லீவு கேட்டிருக்கிறேன். கொடுக்காவிட்டாலும் வருவேன். நான் வருகிற வரை மணலில் இறங்காதீர்கள்.

ரோலண்ட்


ஸ்கார்சைட்
23 ஜூன் 1974

ரோலண்ட்,

காலைச் சாப்பாட்டுக்குக்கூட உட்காராமல் ரயிலுக்குப் போய்விட்டாய். முட்டை தட்டிலேயே ஆறிப் போனது. நேரில் கேட்க முடியாததை எழுதிக் கேட்கிறேன்.

வந்த அன்றே நீ கொட்டகையில் குப்புறப் படுத்து, முறுக்குத் தண்டு இரண்டையும் பார்த்தாய். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டாய். இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன, இல்லையா? அடுத்த நாள் பனி இறங்கியதும் நீ அந்த இடதுபக்க இருக்கையில் உட்கார்ந்து வந்தாய். நீ ஒன்றும் இறகு இல்லை. டயர் உரசவேயில்லை. அதை நீயும் கவனித்தாய். வழியெல்லாம் குனிந்து அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாய், முன்னால் பார்க்கப் பயந்து.

திட்டில் ஏறி இஞ்சினை அணைத்ததும் அவர் கூப்பிட்டார். உன் முகம் சின்னப் பிள்ளையின் முகம் மாதிரி ஆனதைப் பார்த்தேன். நீ இறங்கி, கையை வாயைச் சுற்றிக் குவித்து, "அண்ணே! நான் வந்துட்டேன்! இங்கதான் இருக்கேன்! நல்லா இருக்கேன்ணே!" என்று கத்தினாய்.

அவ்வளவுதான். அடுத்த கூப்பாடு வரவேயில்லை. பனி விலகுகிற வரைக்கும் காத்திருந்தோம். வெறும் மணல், வெறும் தண்ணீர், தூரத்தில் நீர்க்கோழிகள்.

அதற்குப் பிறகு இரண்டு நாள் பனி இறங்கியது. இரண்டு நாளும் துணியில்லாத கொடிக்குக் கீழே போய் நின்றேன். ஒன்றும் இல்லை. வால்ட்டிடம் கேட்டேன். "நின்னுபோச்சு ஹில்டா. நல்லதுதானே?" என்றான். அவனைக் கன்னத்தில் அறையத் தோன்றியது.

நீ பதில் சொல்லாமல் இருந்திருக்கலாம். என்னைக் கூப்பிடாவிட்டால் போகிறது, யாரையாவது கூப்பிட்டுக்கொண்டாவது இருந்திருப்பார். காது கொடுத்துக் கேட்க எனக்கு ஒன்று இருந்திருக்கும். இந்த வீடு இவ்வளவு சத்தமில்லாமல் இதுவரை இருந்ததில்லை. இப்போதுதான் அவர் செத்துப்போயிருக்கிறார்.

கல்லறைத் தோட்டத்தில் கல் வேலைக்காரன் கல்லிலிருந்த தேதியைச் செதுக்கி எடுத்துக்கொண்டிருந்தான். நீ சொல்லிவிட்டுப் போனாய் என்றான். என்னைக் கேட்காமல் செய்வதே உனக்கு வழக்கம். இதைச் சரியாகத்தான் செய்திருக்கிறாய்.

ஹில்டா


கவன்ட்ரி
1 ஜூலை 1974

அன்புள்ள அண்ணி,

முட்டைக்கு மன்னியுங்கள். உங்கள் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருந்தால் அழுதிருப்பேன்.

ஆமாம். முறுக்குத் தண்டு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன.

அண்ணன் ஏன் கூப்பிட்டான் என்று எனக்குத் தெரியும். திட்டில் நின்றபோதே தெரிந்துவிட்டது. சொல்ல வாய் வரவில்லை. சின்ன வயதில் அப்பாவோடு மட்டி பொறுக்கப் போவோம். நான் கடைசியில் ஆடி அசைந்து வருவேன். பனி இறங்கினால் திசை தெரியாமல் நின்றுவிடுவேன். அண்ணன் கெட்டி மணலில் ஏறி நின்றுகொண்டு, அந்த மாதிரிதான் கூப்பிடுவான். நான் பதில் சொல்கிற வரைக்கும் கூப்பிடுவான். பதில் கேட்டதும் நிறுத்திவிடுவான். நான் அவன் குரலைப் பிடித்துக்கொண்டு கரைக்கு வந்துவிடுவேன்.

அண்ணி, அவன் காப்பாற்றச் சொல்லிக் கூப்பிடவில்லை. தான்தான் பனியில் மாட்டிக்கொண்டவன் என்று அவனுக்குத் தோன்றவே இல்லைபோல. தம்பி எங்கேயோ தவறிவிட்டான் என்று நினைத்து, என்னைத் தேடிக் கூப்பிட்டிருக்கிறான். நல்லா இருக்கேன் என்று சொன்னதும் நிம்மதியாகப் போய்விட்டான். உங்களைக் கூப்பிடாததற்குக் காரணமும் அதுதான். நீங்கள் வீட்டில் பத்திரமாக இருக்கிறீர்கள் என்று அவனுக்குத் தெரியும்.

இனி எழுதுவதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. சனிக்கிழமை வேலை முடிந்து, பட்டறையில் எல்லா மெஷினையும் நிறுத்தினோம். மற்றவர்கள் போய்விட்டார்கள். கம்ப்ரெசர் மூச்சு விட்டு அடங்கியது. அந்த அமைதியில் லேத்துக்குப் பின்னாலிருந்து அவன் குரல் கேட்டது. என்னை இல்லை. "ஹில்டா" என்று கூப்பிட்டான். தெளிவாகக் கேட்டது. திங்கட்கிழமையும் கேட்டது.

என்னோடு வந்துவிட்டான் என்று நினைக்கிறேன். நீங்கள் இங்கே வந்து பதில் சொல்ல வேண்டும். மாடி அறையைச் சுத்தம் செய்து வைத்திருக்கிறேன். காரிலேயே வாருங்கள், அவன் கட்டினதை நானும் நல்ல வெளிச்சத்தில் ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும். ஆனால் அந்த அகலச் சக்கரங்களைக் கழற்றிவிட்டு வாருங்கள். மழைச் சாலையில் அவை உங்களைக் கொன்றுவிடும். பழைய ஒல்லிச் சக்கரத்தைப் போட்டு, காற்று சரியாக அடித்து, நட்டை நானே முடுக்கினதுபோல முடுக்குங்கள்.

ரோலி


ஸ்கார்சைட்
9 ஜூலை 1974

அன்புள்ள ரோலி,

உனக்குப் பொய் சொல்ல வரவில்லை. உங்கள் வீட்டில் யாருக்குமே வராது. உன் அண்ணன் இறால் கணக்கைக் கொஞ்சம் கூட்டிச் சொன்னாலே காது சிவந்துவிடும். உன் கடிதத்துக்கே காது சிவந்திருக்கிறது.

அவர் என்னை ஹில்டா என்று ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. கல்யாணத்தன்று பாதிரியார் கேட்டதற்காக ஒரே ஒரு முறை சொன்னார், அதையும் தடுமாறிச் சொன்னார். வீட்டில் கூப்பிட்டது வேறு பெயர். அது உனக்குத் தெரியாது. சொல்லப் போவதும் இல்லை.

அந்தப் பட்டறையில் என்னைக் கூப்பிடுவது யார் என்று தெரிந்துகொள்ள நான் கூழின் மேல் ஓட்டிப் போக வேண்டியதில்லை. பதில் வராவிட்டால் உங்கள் வீட்டு ஆட்கள் நிறுத்த மாட்டார்கள் என்றும் நீயே எழுதியிருக்கிறாய்.

நேற்று காரை ஜாக்கியில் தூக்கி, அகலச் சக்கரங்களைக் கழற்றிவிட்டேன். வால்ட் அவற்றைத் தன் டிரெய்லருக்குக் கேட்டான், கொடுத்துவிட்டேன். ஒல்லிச் சக்கரத்தில் வண்டி அசிங்கமாக இருக்கிறது. மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் ஒரு பூனை படுத்துக்கொள்ளலாம். நட்டெல்லாம் முடுக்கியாயிற்று, இரண்டு தரம் பார்த்தாயிற்று.

சனிக்கிழமை காலையில் கிளம்புகிறேன். மழை பெய்தால் மெதுவாக வருவேன். பயப்படாமல் இரு, வந்துகொண்டிருக்கிறேன்.

உன் அண்ணி
ஹில்டா